துப்பனின் வாக்கு

சுவிட்சர்லாந்தில் ஸ்டைன்விங்கல் என்றொரு ஊர். அதன் பழைய நகரச் சதுக்கத்தில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கீழே இருக்கும் நீர்த்தொட்டியின் விளிம்பில், காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு, போகிற வருகிறவர்களை ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி ஐம்பது வருடமாகக் குந்தியிருந்த வெண்கல மனிதன், மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் துப்பினான். ஒல்லாந்திலிருந்து பேருந்தில் வந்திறங்கிய ஒரு பெண் அவனுடைய கன்னத்தில் விரலை வைத்துப் படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் மேல்தான் துப்பினான். ஒரு வாய் நிறையத் தண்ணீர், குளிர்ந்தது, பாசி மணக்கிறது, நேரே அவளுடைய மூக்குக்கண்ணாடியில் போய் விழுந்தது. துப்பி முடிந்த பிறகும் அவன் கன்னம் வற்றவில்லை. அடுத்தவருக்கென்று பழையபடி உப்பியே இருந்தது.

எனக்கு இந்த ஊரைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு ஒருவரும் என்னைக் குறை சொல்லவேண்டாம். இந்த ஊருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் அது வாயால் சொல்லாது, கடிதம் போடும். பதினேழு வருடமாக இங்கே முதியோர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, உலர்த்தி, மூலைக்கு மூலை பிடித்து மடிக்கிறேன். பதினேழு வருடமாக எனக்கு வந்த கடிதங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் போத்தலைக் கண்ணாடித் தொட்டிக்குள் போட்டதற்கு ஒன்று, மத்தியான ஓய்வு நேரத்தில் தேங்காய் உடைத்ததற்கு ஒன்று, என் மீன்குழம்பின் மணம் அனுமதி கேட்காமல் மூன்றாம் மாடிக்கு ஏறியதற்கு நாலு. என் பெயர் தவமலர். புருஷன் என்று ஒருவன் இருந்தான், வேறொருத்தியோடு பாரிசுக்குப் போய்விட்டான், இந்தக் கதைக்குத் தேவையில்லாத ஆள்.

சிலைக்கு ஊர்க்காரர் வைத்த பெயர் ரூடி. நாங்கள், இங்கே இருக்கிற இருபத்திரண்டு தமிழ்க் குடும்பங்களும், அவனைத் துப்பன் என்போம். அவன் துப்பத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெயரை வைத்துவிட்டோம், அந்த வாயைப் பார்த்தால் வேறென்ன பெயர் வைப்பது.

எங்கள் நாட்டில் ஒரு சிலை துப்பியிருந்தால் அன்று பின்னேரமே கற்பூரம் கொளுத்தி, வேட்டி சாத்தி, அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணீரைப் போத்தலில் அடைத்துக் கொடுத்திருப்பார்கள். இந்த ஊர்க்காரர் கூட்டம் போட்டார்கள். தண்ணீர்ப் பகுதியார் வந்து கல்லைக் கிளப்பிப் பார்த்து, சிலைக்குள் குழாய் எதுவும் போகவில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். குழாய் இல்லாதபடியால் பழுதும் இல்லை, பழுது இல்லாதபடியால் திருத்தவும் ஒன்றுமில்லை என்று நகரசபை தீர்மானித்தது. அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊரில் ஒருவரும் வாய் திறந்து கேட்டதை நான் அறியேன். முறைப்பாடு வந்தது வேறு விஷயத்துக்கு. அவன் பன்னிரண்டு நாற்பதுக்குத் துப்புகிறான், அது ஓய்வு நேரம், துப்பும் சத்தம் கேட்கிறது என்று சதுக்கத்து வீட்டுக்காரர் ஏழு பேர் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள். நகரசபை ஓர் அறிவித்தலை அடித்து அவனுடைய முழங்காலில் தொங்கவிட்டது: மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைவரையும் ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் துப்பலாகாது. அன்றிலிருந்து அவன் அந்த நேரத்தில் துப்பவில்லை. அதைப் பார்த்ததும் ஊர் முழுக்க மனம் இளகிப்போய், இவன் நம்முடைய ஆள் என்று சொல்லிவிட்டது.

அதன் பிறகு ஊரைப் பிடித்தாட்டிய கேள்வி, இவன் யார் மேல் துப்புகிறான் என்பது. எல்லார் மேலும் துப்புவதில்லை. பத்துப் பேர் கடந்துபோனால் இரண்டு மூன்று பேர் நனைவார்கள், மற்றவர்கள் காய்ந்த சட்டையோடு போவார்கள். முதல் வாரத்தில் நனைந்தவர்களில் தன் கண்ணில் பட்டவர்களைச் சதுக்கத்து ரொட்டிக் கடைக்காரி விரல் விட்டு எண்ணினாள்: ஒல்லாந்துக்காரி, இரண்டு கொரியர், ஒரு போர்த்துக்கீசக் கொத்தனார், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து சீஸ் விற்க வந்த கிழவன். போதுமே. ஊருக்கு வெளியாட்களின் மேல்தான் ரூடி துப்புகிறான் என்பது சனிக்கிழமை சந்தைக்குள் முடிந்த முடிவாகிவிட்டது. எட்டாம் நாள் மருந்துக்கடைக்காரர் ஷ்டுக்கியின் மனைவி நனைந்தாள். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்த் தேவாலயத்தில் முப்பது வருடம் முன்வரிசையில் நின்று பாடியவள். முடிவு பிழை என்று யாராவது சொன்னார்களா? தேவாலயத்துப் பழைய பதிவேட்டைப் புரட்டி, அவளுடைய பாட்டனார் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் பிறந்தவர் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த ஞாயிறு அவள் பின்வரிசையில் நின்று பாடினாள். அன்று ஷ்டுக்கியின் முகத்தைப் பார்த்த எனக்கு இந்த மனிதன் இதை இப்படியே விடமாட்டான் என்று பட்டது.

எங்கள் சனம் மட்டும் என்ன, குறைந்ததா. தமிழ்ச் சங்கத் தலைவர் குகநேசன் முதலில், எங்கட ஆக்கள் ஒருத்தரும் அந்தச் சதுக்கத்துப் பக்கம் போகக்கூடாது, மானம் போயிடும் என்று வட்ஸப்பில் போட்டார். போட்டுவிட்டு மறுநாள் காலை ஒருவருக்கும் தெரியாமல் தானே போய் நின்று பார்த்து, காய்ந்தபடி திரும்பி வந்து, அந்தப் படத்தையும் போட்டார். அதோடு தொடங்கியது. நனைந்தவர்கள் கோயிலில் பின்னால் நின்றார்கள், நனையாதவர்கள் நனையாததைப் பிள்ளையின் பல்கலைக்கழகப் பட்டம்போல் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், கலியாணம் பேசுகிற இடத்தில் மாப்பிள்ளை துப்பனுக்கு முன்னால் நின்று பார்த்தவரோ என்று விசாரித்தார்கள். கனடாவிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு நாள் பிரயாணத்தில் ஒரு முழுப் பின்னேரத்தை ஒதுக்கி இவனைப் பார்க்க வந்தது. தகப்பன் நனைந்தார், தாய் நனைந்தாள், மூத்த மகள் மட்டும் நனையவில்லை, கார் கதவைச் சாத்தும்போதே தாயும் மகளும் பேசாமல் இருந்தார்கள்.

என் மேல் ஒரு துளி விழவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தரம், மாலையில் வரும்போது ஒரு தரம், நாளுக்கு இரண்டு தரம் அவனுக்கு முன்னால் போய்வந்தேன், ஒரு தரமும் துப்பவில்லை. இதை நான் பெருமையாக எடுக்கவில்லை. இந்த ஊரில் என்னை ஒருவரும் பார்ப்பதில்லை, இவனும் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். துப்புவதற்குக்கூட ஒருத்தியை ஆளாக மதிக்க வேண்டுமே.

எனக்கு இருந்த கவலை வேறு. பருத்தித்துறையில் என் அக்கா இருக்கிறாள், ராசமலர். அம்மா செத்த பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள், என்னை வெளிநாட்டுக்கு அனுப்ப இருந்த காணியை விற்றவள். பதினேழு வருடமாக அவளுடைய பழைய தொலைபேசியில் வருகிற குரல்தான் எனக்கு, முகம் இல்லை. தஞ்சம் கேட்டு வந்தவள் தன் நாட்டுக்குத் திரும்பிக் கால் வைத்தால் தஞ்சம் போய்விடும் என்பது சட்டம். இந்த ஊர்ப் பிரஜை என்று எழுதித் தந்தால்தான் கடவுச்சீட்டு, கடவுச்சீட்டு இருந்தால்தான் போகலாம், போனால் திரும்பியும் வரலாம். அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, முற்றிக் கண்ணுக்கு ஏறிவிட்டது. போன மாசியில் தொலைபேசியில் சொன்னாள்.

"தவம், பெரியாசுபத்திரிக் கண் டொக்டர் சொல்லிப்போட்டார். வருசம் முடியிறதுக்குள்ள ரெண்டும் போயிடுமாம். நீ வாறதெண்டா கெதியா வா. எனக்கு உன்ர முகத்தைப் பாக்கவேணும். பிறகு வந்து என்னத்துக்கு?"

இந்த நாட்டில் பிரஜாவுரிமை தருவது மேலே இருக்கிற அரசாங்கம் மட்டும் அல்ல; முதலில் ஊர் சம்மதிக்க வேண்டும். அதற்கு ஊரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு இருக்கிறது. அவர்கள் உன்னைக் கூப்பிட்டு வைத்து இந்த ஊரைச் சுற்றியுள்ள மலைகளின் பெயர் என்ன, குப்பையை எத்தனை விதமாகப் பிரிக்க வேண்டும், பக்கத்து வீட்டாரைக் கண்டால் எந்தச் சொல்லால் வணக்கம் சொல்வாய் என்றெல்லாம் கேட்பார்கள். குழுவில் ஒருவர் வயதுபோய் விலகியதிலிருந்து எல்லா விண்ணப்பமும், என்னுடையதும் சேர்த்து, இரண்டுக்கு இரண்டு என்று இழுபட்டுக்கொண்டு கிடந்தது. தலைவி திருமதி கெல்லர், இந்த ஊர்ப் பேச்சில் ஃப்ராவ் கெல்லர், விதிப் புத்தகத்தை எடுத்துவைத்து ஒரு கிழமை படித்தாள். குழு உறுப்பினர் இந்த ஊரில் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வசித்தவராக இருக்க வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், தண்டனை பெற்றிருக்கக் கூடாது என்று இருந்தது. இரத்தமும் சதையுமாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆகவே ரூடியை ஐந்தாவது உறுப்பினராக நியமித்தார்கள். விண்ணப்பதாரர் அவனுக்கு முன்னால் மூன்று அடி தூரத்தில் சோக்கட்டியால் கீறிய வட்டத்துக்குள் புதன்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். துப்பினால் வேண்டாம், துப்பாவிட்டால் சம்மதம். உலகத்தில் வேறெந்த ஊரும் இதைச் செய்திருந்தால் சிரித்துச் செய்திருக்கும். இவர்கள் ஒருவர்கூடச் சிரிக்காமல், கை உயர்த்தி, இரண்டு பிரதியில் கையெழுத்து வைத்துச் செய்தார்கள்.

முதலில் போனவள் ஜெசிந்தா, என்னோடு சலவை அறையில் விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்து மடிக்கிற பிள்ளை, மன்னார்ப் பக்கம். நூற்றைம்பது மலைப் பெயர்களைப் பாடமாக்கி வைத்திருந்தாள். இரண்டாவது நிமிடத்தில் துப்பன் அவளுடைய கழுத்துச் சிலுவையோடு சேர்த்து நனைத்தான். எழுத்தர் 'நனைந்துள்ளார்' என்று எழுதினார். வேலைக்குத் திரும்பி வந்து ஈரச் சட்டையோடு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மலையின்ர பேர் ஒண்டும் கேக்கேல்லை, தவமக்கா. ஒண்டே ஒண்டு கேட்டிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்."

"சட்டையைக் கழட்டு, காயப்போடுவம்."

"நீங்க போகாதேங்கோ. அவன்ர பார்வையே சரியில்லை."

நான் போனேன். ஏப்ரல் மாதத்துப் புதன்கிழமை, சதுக்கம் நிறையச் சனம், ரொட்டிக் கடைக்காரி கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். வட்டத்துக்குள் நின்றேன். துப்பன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் போயிற்று. ஒரு துளி இல்லை. ஃப்ராவ் கெல்லர் மணிக்கூட்டைப் பார்த்து, "காய்ந்துள்ளார்" என்றாள். சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, கறி மணம் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது எழுகிற அதே முணுமுணுப்பு. குழுவில் இன்னொரு உறுப்பினரான மருந்துக்கடை ஷ்டுக்கி எழுந்தார்.

"காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. இன்னொரு தரம் நிற்க வேண்டும்."

அடுத்த புதன் காற்றே இல்லை, காய்ந்தேன். அதற்கு அடுத்த புதன் தலைக்குக் கட்டியிருந்த துணியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன், காய்ந்தேன். மூன்று தரம் இந்த ஊரின் சொந்தச் சிலை, இந்த ஊரின் சொந்த விதிப்படி, எல்லாருக்கும் முன்னால் எனக்குச் சம்மதம் சொன்னது. அன்று நான் அக்காவுக்கு அழைத்து, சாமான் என்ன வேண்டும் என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

குழு அதற்குக் கையெழுத்து வைக்கும் முன்பே, மே மாதத்து ஊர்க் கூட்டம் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. வாக்கு இல்லாதவர்கள் பின்சுவரோடு நின்று பார்க்கலாம், நானும் ஜெசிந்தாவும் நின்றோம். ஷ்டுக்கி மேடைக்கு ஏறி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் பேசினார்.

"மதிப்புக்குரியவர்களே, நாங்கள் எல்லாரும் ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறோம். ஒரு மனிதன் அந்நியரிடம் மரியாதையாக நடப்பான். யாரென்று தெரியாதவரைப் பார்த்து யாராவது துப்புவார்களா? தன் வீட்டு ஆட்களைத்தான் முகத்துக்கு நேரே பார்த்துத் துப்புவான், அந்த உரிமை அங்கேதான் உண்டு. ரூடி எங்களை நனைப்பது எங்களை அறிந்தபடியால். ஒரு விண்ணப்பதாரரை அவன் மூன்று தரம் பார்த்தும் துப்பவில்லை என்றால், அவரை அவன் அடையாளமே காணவில்லை என்று அர்த்தம்."

இந்தப் பேச்சைக் கேட்டு ஒரு சிறு பிள்ளையும் சிரித்திருக்கும். ஆனால் அதற்குள் ஊரில் பாதிப் பேர் எப்படியோ ஒரு தரமாவது நனைந்திருந்தார்கள், நனைந்ததை வீட்டுக்குள் மறைத்துவைத்து, பாட்டன் பூட்டனின் பதிவேட்டை நினைத்து நித்திரையில்லாமல் கிடந்தார்கள். அவர்கள் எல்லாருடைய தலையிலிருந்தும் ஒரு மூட்டை இறங்கியது. ஒருவன் எழுந்து, நானும் நனைந்தவன் என்றான். பின்னாலிருந்து ஒருத்தி, நான் இரண்டு தரம் என்றாள். மண்டபம் முழுக்க நானும் நானும் என்று எழும்பிற்று. ஷ்டுக்கியின் மனைவி முன்வரிசையில் இருந்து அழுதாள். கைகள் உயர்ந்தன, எண்ணினார்கள், விதி மாறியது: துப்பினால் சம்மதம், துப்பாவிட்டால் வேண்டாம்.

ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள். "அக்கா, அப்ப நான் நனைஞ்சனான்தானே. எனக்குத் தருவினமோ?"

மேடைக்குப் போய்க் கேட்டாள், பாவம். ஃப்ராவ் கெல்லர் புத்தகத்தைப் பார்த்து, அது பழைய விதியின் கீழ் விழுந்த துப்பல், முன்தேதியிட்டு எண்ண முடியாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். ஜெசிந்தா திரும்பி வந்து சுவரோடு நின்றாள், நான் அன்று அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, ஒருவரையும் மிச்சம் விடாமல், மனதார வெறுத்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

அடுத்த நாளிலிருந்து சதுக்கத்தில் வரிசை. காலையிலேயே குளித்து முழுகி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நனைந்தவர்கள் துடைக்காமல் கடைக்குப் போனார்கள், வங்கிக்குப் போனார்கள், தாடையிலிருந்து சொட்டச் சொட்ட ஒருவருக்கொருவர் வணக்கம் சொன்னார்கள். நனையாதவர்கள் போகிற வழியில் நீர்த்தொட்டியில் கை நனைத்து முகத்தில் தடவிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். குகநேசன் தான் காய்ந்த படத்தை வட்ஸப்பிலிருந்து அழித்துவிட்டார்.

எனக்கு ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது விதி மாறியபடியால் புது விதியின் கீழ் ஒரேயொரு தரம் நிற்கலாம், அதற்குப் பிறகு ஐந்து வருடம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. நிற்க வேண்டிய நாள் ஜூன் மாதத்து முதல் புதன். செவ்வாய்க்கிழமை அக்கா அழைத்தாள்.

"இடது கண் போட்டுது, தவம். வலதில கொஞ்சம் கிடக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தா, ஆரெண்டு கேட்டுத்தான் கதைக்கிறன். நீ எப்ப வாறாய்?"

"கெதியா வாறன் அக்கா."

"போன மாசமும் இதைத்தான் சொன்னனி."

புதன்கிழமை வேலைக்கு லீவு சொல்லவில்லை, மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே ஜெசிந்தாவின் கையில் கொடுத்துவிட்டு, வேலைச் சட்டையோடு போனேன். வட்டம் கீறியிருந்தது. ஷ்டுக்கி மனைவியோடு வந்து முன்னால் நின்றார், இருவருடைய கன்னமும் ஈரமாக இருந்தது. எழுத்தர் தாளை எடுத்தார். பதினொரு மணி அடித்தது.

ஒரு நிமிடம் போயிற்று. துப்பன் குந்தியிருந்தான். இரண்டு நிமிடம். ஒரு புறா அவன் தலையில் வந்திருந்து எழும்பிப் போயிற்று. மூன்று நிமிடம். துப்படா, துப்பித் தொலையடா என்று மனதுக்குள் கெஞ்சினேன். பதினேழு வருடத்தில் இந்த ஊரில் ஒருவரிடமும் கெஞ்சாதவள், ஒரு வெண்கலத்திடம், என் முகத்தில் துப்பு என்று கெஞ்சினேன். நாலாவது நிமிடமும் போயிற்று. ரொட்டிக் கடைக்காரி கதிரையை மடக்கத் தொடங்கினாள். ஷ்டுக்கி மனைவியைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். பருத்தித்துறையில் ஒருத்தி வலது கண்ணில் மிச்சமிருக்கிற வெளிச்சத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள், இங்கே இவர்கள் கதிரை மடக்குகிறார்கள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது எச்சில்தான். வட்டத்தை விட்டு ஒரு விரல்கூட வெளியே வைக்காமல், நின்ற நிலையிலேயே காறி, துப்பனின் முகத்தில், அந்தச் சுருக்கிய கண்ணுக்கும் உப்பிய கன்னத்துக்கும் நடுவில், என்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் சேர்த்துத் துப்பினேன்.

துப்பனின் சுருக்கிய கண் மெல்லத் திறந்தது. ஐம்பது வருடத்தில் முதல் தரமாக இரண்டு கண்ணாலும் பார்த்தான், என்னைத்தான் பார்த்தான். பிறகு துப்பினான். மற்றவர்களுக்குத் துப்பியதெல்லாம் ஒரு வாய், எனக்கு ஒரு வாளி. தலைமயிர், முகம், வேலைச் சட்டை, சப்பாத்து எல்லாம் நனைந்து, பாசி நாறிப்போய் நின்றேன்.

"இது செல்லாது!" ஷ்டுக்கி கத்தினார். "அவள் சீண்டினாள்! கோபத்தில் துப்பியது எப்படிச் சம்மதமாகும்?"

ஃப்ராவ் கெல்லர் மணிக்கூட்டைப் பார்த்தாள். அவளுக்கு என்னைக் காப்பாற்றும் எண்ணம் துளியும் இல்லை, அதை நான் உறுதியாகச் சொல்வேன். அவளுக்கு அந்தப் புத்தகம் மட்டும்தான்.

"நாலு நிமிடம் ஐம்பது விநாடி. விண்ணப்பதாரர் வட்டத்துக்குள் நின்றார். எந்தக் காரணத்துக்காகத் துப்ப வேண்டும் என்று விதியில் இல்லை, ஹெர் ஷ்டுக்கி. நாங்கள் ஒரு நாளும் காரணம் கேட்கவில்லை."

எழுத்தர் 'நனைந்துள்ளார்' என்று எழுதி முத்திரை குத்தினார். ஃப்ராவ் கெல்லர் தாளை என்னிடம் நீட்டினாள், தாளில் சொட்டாமல் எட்டி நின்று.

"எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை, ஃப்ராவ் தவமலர். கையெழுத்து இங்கே."

"எனக்கும் உங்களைப் பிடிக்காது," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தேன். இந்த ஊரில் ஒருவரும் என்னோடு அவ்வளவு நேர்மையாக அதற்கு முன் பேசியதில்லை.

பிரஜாவுரிமைப் பத்திரமும், பொது இடத்தில் துப்பியதற்கான கண்டனக் கடிதமும் ஒரே நாளில், ஒரே உறையில் வந்தன. அன்றிலிருந்து என்னைப் படிக்கட்டில் கண்டால் அயலார் வணக்கம் சொன்னார்கள். துப்பன் அதற்குப் பிறகு ஒருவர் மேலும் துப்பவில்லை, இரண்டு கண்ணையும் திறந்தபடி சும்மா குந்தியிருக்கிறான். துப்பாத காலத்தில் விண்ணப்பங்களை என்ன செய்வது என்று புத்தகத்தில் இல்லாதபடியால் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார்கள், ஜெசிந்தாவின் பெயரும் அதற்குள் கிடக்கிறது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. விரிப்பின் மற்ற நுனியை முன்போலவே பிடிக்கிறாள், பேச்சுத்தான் குறைந்துவிட்டது.

இன்னுமொன்று. என் இடது கன்னம் காயவில்லை. துவாயால் துடைத்தேன், இயந்திரத்தின் சுடுகாற்றுக்கு முகத்தைக் கொடுத்தேன், ஷ்டுக்கியின் கடையிலேயே களிம்பு வாங்கிப் பூசினேன். துடைத்த கையோடு காய்ந்திருக்கும், நாலு அடி நடந்தால் மறுபடி நனைந்திருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் அன்றன்றே காய்ந்துவிட்டது.

கடவுச்சீட்டு வந்த மூன்றாம் நாள் விமானம் ஏறினேன். கொழும்பிலிருந்து விடிய விடியப் பேருந்தில் வந்து, பருத்தித்துறையில் இறங்கி, கடற்கரை ஒழுங்கைக்குள் நடந்து, காலை எட்டு மணிக்கு அக்காவின் வாசலில் போய் நின்றேன். அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்து போயிருந்தாள்.

"ஆரது?"

"நான்தான் அக்கா."

அவள் என் கையைப் பிடித்து இழுத்து, முற்றத்து வெயிலுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து, வலது கண்ணுக்குக் கிட்டக் கிட்டக் கொண்டுபோனாள். அவளுடைய மூச்சு என் மூக்கில் பட்டது. மாடு கன்றை மோந்து பார்க்கிறதுபோல் அவ்வளவு கிட்டவாக வைத்து, நெற்றி, மூக்கு, நாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளுடைய கட்டைவிரல் என் இடது கன்னத்தில் வந்து நின்றது.

"ஏனடி அழுறாய்? வந்திட்டாய்தானே."

"அழேல்லை அக்கா."

"கன்னம் நனைஞ்சு கிடக்கு. எனக்குப் பொய் சொல்லாதை."

"அது துப்பல் அக்கா. அந்த ஊர் என்ர முகத்தில துப்பினது. காயுதில்லை."

அவள் கைகளை எடுக்கவில்லை. நான் அந்த வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், வட்டம், மணிக்கூடு, ஷ்டுக்கி, நான் துப்பியது, அவன் துப்பியது எல்லாம். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இது ஒரு புதினமே இல்லை. ஒரு சிலை துப்பியது என்பதை அவள் பால்காரன் பிந்திவந்தான் என்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றாள். முடிந்ததும் ஒன்றைத்தான் கேட்டாள்.

"வடிவாத் துப்பினியோ?"

"மூஞ்சி நிறைய."

அக்கா சிரித்தாள். பதினேழு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்ணால் பார்த்தேன். சேலைத் தலைப்பை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தாள். காய்ந்தது. மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தாள்.

"எத்தினை நாள் நிப்பாய்?"

"மூண்டு கிழமை."

"பிறகு?"

"திரும்பிப் போகவேணும்."

"அந்தத் துப்பின இடத்துக்கோ?"

"ஓம் அக்கா. இப்ப நான் அவங்கட ஆள்."

அவளுடைய கை ஒரு கணம் நின்றது.

"அப்ப இதைத் துடைச்சு என்ன பிரயோசனம்?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பின் காய்ந்த பக்கத்தைத் திருப்பிப் பிடித்து, துடைத்துக்கொண்டே இருந்தாள்.